ஞாயிற்றுக்கிழமை பிரஷர்

"ஷிஜா, எனக்கு உன்கிட்ட ஒரு காரியம் கேக்கணும்."

"கேக்கலாம். முதல்ல ரெண்டு கையையும் மேல பொக்குங்க."

"இது என்னவாக்கும்? பசுவுக்கு கெட்டுத பட்டையா?"

"பசுவுக்கு இவ்வளவு நல்ல பட்டைய யாரு வாங்கிக் குடுப்பா? நடுநோவுக்கு இடுப்புல கெட்டுத பெல்ட். ஜெயபாய் அக்கா கடையிலேருந்து உங்களுக்குன்னு எடுத்துட்டு வந்தேன். நேரே நில்லுங்க. வயித்த உள்ள இழுங்க."

"இழுத்தாச்சு."

"இன்னும்."

"இதுக்கு மேல இழுத்தா வயிறு முதுகுல போய் முட்டும். எடீ, மனுசன் மூச்சு விடாண்டாமா?"

"மூச்செல்லாம் பையப் பைய பழகிப்போவும். இப்ப நடு எப்படி உண்டு?"

"நிமிந்து நிக்குது. போலீஸ்காரன் மாதிரி."

"கண்டியளா? இனி இத கழட்டப்பிடாது. காலத்த கெட்டினா அந்திக்கு வீட்டுல வந்துதான் கழட்டணும். எனக்கு வாக்குத் தரணும்."

"ஞாயிறாழ்ச்சையும் உண்டா?"

"ஞாயிறாழ்ச்ச வேண்டாம். சர்ச்சுல பாட்டு பாடணும் இல்லியா?"

"செரி. வாக்கு."

"என்னமோ கேக்கணும்னு சொன்னியளே?"

"அது... ஒண்ணுமில்ல. பெறவு கேக்கலாம்."

ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பாறசாலைக்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டு முன்னறையில் நடந்த பேச்சு இது. இதில் ஒரு சொல்லைக்கூட ஷிஜா மறக்கவில்லை. மறக்க முடியாததற்குக் காரணம் உண்டு. ஜினு அன்று என்ன கேட்க வந்தான் என்பது அவளுக்கு முன்பே தெரியும்.

அன்று காலை பஸ்ஸில் ஸ்ரீகுமாரி சொல்லியிருந்தாள். ஸ்ரீகுமாரியின் கணவன் பரமசிவனும் ஜினுவும் அமரவிளையில் ஒரே குழுவில் சுமட்டுத் தொழிலாளிகள். சிமென்ட், டைல், வாழைக்குலை என்று லாரியில் எது வந்தாலும் ஏற்றி இறக்குகிற வேலை.

"உனக்க ஆளு ஸ்கூல் வேனுக்கு டிரைவர் வேணுமான்னு விசாரிச்சிட்டு நடக்காராம், அறிஞ்சியா?" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே காதுக்குள் சொன்னாள் ஸ்ரீகுமாரி. "நடு போச்சு, இனி சுமடு முடியாதுன்னு இவருகிட்ட சொன்னாராம். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு விடப்போறாராம்."

நெய்யாற்றின்கரையில் இறங்கி, தான் வேலை பார்க்கிற சர்ஜிகல் கடையின் ஷட்டர் ஏறியதும் ஷிஜா முதலில் செய்த காரியம், அலமாரியில் இருந்ததிலேயே அகலமான, உள்ளே நாலு தகடு வைத்த இடுப்பு பெல்ட்டை எடுத்துத் தனியே வைத்ததுதான். அவன் கேட்பதற்கு முன்னால் அவள் கட்டிவிட்டாள்.

அவளுக்கும் நியாயம் இருந்தது. ஜினுவை அவள் முதன்முதலில் பார்த்தபோது அவன் ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கடைக்குப் பக்கத்து பேக்கரிக்கு ஒன்பது மணிக்கு வருகிற வண்டி, அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு எட்டே முக்காலுக்கே வரத் தொடங்கியது. ஒரு நாள் சூடான பன் ஒன்றைக் காகிதத்தில் பொதிந்து கவுன்டரில் வைத்துவிட்டு, "கணக்குல வராத பன்னு. தின்னாம விட்டா எனக்குத்தான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். அதைத் தின்றபோதே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அவளுடைய அப்பா ராஜையா ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடம் அமரவிளையில் சுமடு எடுத்தவர் அவர். நீலச் சட்டையும் தொழிலாளி அட்டையும் அவருக்குப் பெரிய மரியாதை. "ரொட்டி வண்டி இன்னைக்கு ஓடும், நாளைக்கு நிக்கும். எனக்க எடத்துல ஏறி நிக்க மனசுண்டுன்னா வரச்சொல்லு, பொண்ணு தாறேன்" என்று சபைப் போதகரான ஐயர் முன்னால் வைத்தே சொன்னார். ஜினு ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அந்த ஜனவரியிலேயே நீலச் சட்டை போட்டான். மே மாதம் கல்யாணம். அன்று சர்ச் முற்றத்தில் அப்பாவின் கையைப் பிடித்து, "இவரு ஒரு நாளும் இத விடமாட்டாரு அப்பா" என்று சொன்னவள் ஷிஜா.

அப்பா அவர்களோடுதான் இருந்தார். கொடியில் காய்கிற நீலச் சட்டையைச் சாயங்காலம் அவரே எடுத்து மடித்து வைப்பார். அவரிடம் போய், 'இவர் வேலையை விடப்போகிறார்' என்று எப்படிச் சொல்வது? மகள் சோனா அப்போது மூன்றாம் வகுப்பு. மாடிக்குப் படி பாதியில் நின்றது. பெல்ட் கட்டினால் எல்லாம் அப்படியே நடந்துகொண்டு போகும் என்று ஷிஜாவுக்குத் தோன்றியது. நடந்தது. ஜினு அந்தக் கேள்வியைத் திரும்ப எடுக்கவேயில்லை. கொடுத்த வாக்கையும் மீறவில்லை.

காலை ஆறரைக்குச் சட்டைக்குள் பெல்ட்டை இறுக்கி, பைக்கில் ஏறுவான். லாரி இல்லாத நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும், மத்தியானம் சோறு தின்னும்போதும் அது இடுப்பில்தான். சாயங்காலம் வந்து பர்ரென்று பிரிப்பான். வயிற்றைச் சுற்றிச் சிவந்த தடம் இருக்கும். அந்தத் தடத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவது ஷிஜாவின் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பெல்ட்டைத் துவைத்துப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அது கொல்லையில் கொடியில் கிடக்கும். ஒன்று தேய்ந்து, இரண்டு தேய்ந்து, இப்போது மூன்றாவது பெல்ட்.

ஞாயிறு சர்ச் விட்டு வந்து, வேட்டி மாற்றி, பால் விடாத கட்டன் சாயா ஒன்று குடித்த பிறகு ஜினு கையை மேசைமேல் நீட்டுவான். கடையிலிருந்து கொண்டுவந்த மெஷினில் அவள் பிரஷர் பார்ப்பாள். நூற்று முப்பது, எண்பத்து நான்கு. சில வாரம் நூற்று இருபத்தெட்டு.

"நார்மல்" என்பாள் ஷிஜா.

"உனக்க கை பட்டா எல்லாம் நார்மல்தான்" என்பான் ஜினு. சோனா, "ஐயோ, போதும்" என்று காதைப் பொத்திக்கொள்வாள்.

* * *

போன வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஷிஜா ஒரு பெல்ட் விற்றுக்கொண்டிருந்தாள். வாங்க வந்தவர் ஒற்றசேகரமங்கலத்துக்காரர், ரப்பர் வெட்டுகிறவர்.

"உங்களுக்குப் பிரஷர் உண்டா?" என்று கேட்டாள்.

"பெல்ட் கேட்டா பிரஷர் கேக்குறியே மோளே. செருப்பு கேட்டா பல்லு பாப்பியோ?"

"உண்டுன்னா டாக்டர்கிட்ட கேக்காம கெட்டப்பிடாது. இல்லைன்னாலும் கனம் தூக்கும்போ மட்டும் கெட்டணும், வேலை முடிஞ்சா உடனே அவுத்து விடணும். எப்பளும் இறுக்கிக் கெட்டினா உள்ள பிரஷர் ஏறும், நெஞ்சுக்கு வேலை கூடும். மூச்சைப் பிடிச்சிட்டு தூக்கவும் பிடாது."

"இவ இப்படித்தான்" என்றாள் உள்ளேயிருந்து ஜெயபாய். கடைக்கு முதலாளி அவள். "வாங்க வாறவங்கள பேடிக்க வச்சு அனுப்பிடுவா. நாலு வருசமா எனக்க பெல்ட் வியாபாரத்துக்கு இவதான் எதிரி."

நாலு வருடமாக. உண்மைதான். நாலு வருடங்களுக்கு முன்பு ஒரு ரிட்டயர்டு வாத்தியார், பெல்ட் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை அவளிடம் நீட்டி, "எனக்குக் கண்ணாடி இல்லை, இதை ஒன்று வாசி" என்றார். அதுவரை ஷிஜா அந்தத் தாளைப் பிரித்ததில்லை. பொடி எழுத்தில் இங்கிலீஷில் இருந்தது. தொடர்ந்து அணியக்கூடாது. ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அணியக்கூடாது.

அன்று சாயங்காலம் சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்குப் போனாள். ஜினு பெல்ட்டைப் பிரித்தான். தடம் சிவந்திருந்தது. எண்ணெய் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தவள், வாய் திறக்கப் போனாள். திறந்தால் என்ன வரும்? 'அப்படின்னா கழட்டட்டா?' என்பான். கழற்றினால் நடுநோவு திரும்ப வரும். வந்தால், அன்று கேட்காமல் விட்டதைக் கேட்பான். அப்பா அடுத்த அறையில் நீலச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். பிரஷர்தான் ஞாயிறுதோறும் நார்மலாக இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எண்ணெயைத் தேய்த்தாள்.

இரண்டு வருடம் கழித்து அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அடுத்த அறையில் யாரும் இல்லை. அப்போதும் அவள் சொல்லவில்லை. இத்தனை நாள் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்டால் என்ன செய்வது என்ற பயம் புதிதாக வந்து சேர்ந்திருந்தது. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கவுன்டரில் நின்று தொண்டை வற்றச் சொன்னாள். வீட்டில் சொல்ல வேண்டிய ஒருவனிடம் மட்டும் சொல்லவில்லை.

இடையில் அவனுக்குக் காலையில் தலை கனத்தது. காதுக்குள் ஒரு இரைச்சல் என்றான். சர்ச் படியேறும்போது பாதியில் நின்று, செருப்பு வார் சரிசெய்வதுபோல் குனிந்து மூச்சு வாங்கினான். "வயித்துல கேஸ்" என்று சொல்லி அவள் இஞ்சி தட்டிக் கொடுத்தாள்.

ரப்பர்காரர் பெல்ட்டை வாங்கவில்லை. "நான் டாக்டரைக் கண்டுட்டு வாறேன்" என்று எழுந்துவிட்டார். ஜெயபாய் தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் ஷிஜாவின் போன் அடித்தது. பரமசிவன்.

"ஒண்ணும் பேடிக்காண்டாம் கேட்டியா. நாங்க ஆஸ்பத்திரியில ஆக்கும். ஜினுவுக்கு சின்னதா ஒரு தலைசுத்தல். அவன் ஒக்காந்து வர்த்தானம் பேசுதான். நீ கொஞ்சம் வந்தா கொள்ளாம்."

ஷிஜா கடையில் போடுகிற பச்சைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

* * *

ஆஸ்பத்திரியில் ஜினு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்து, நெற்றியில் வேர்வை காய்ந்து உப்புப் படிந்திருந்தது. நீலச் சட்டையின் பொத்தான்கள் திறந்திருந்தன. அவளைக் கண்டதும் சிரித்தான்.

"டைல் பெட்டி எறக்கிட்டிருந்தோம்" என்றான் பரமசிவன் தாழ்ந்த குரலில். "பெட்டிய தோளுல வச்சிட்டு லாரிக்குப் பக்கத்துல அப்படியே நின்னுட்டான். எலே, நடந்து போன்னு சொன்னேன். கண்ணுல இருட்டு கேறுதுன்னான். பெட்டிய நான் பிடிச்சேன், அவன கூட நின்ன சைமன் பிடிச்சான்."

டாக்டர் சிறு வயதுப் பெண். இசிஜி தாளைப் பார்த்து, இப்போதைக்கு ஆபத்தில்லை என்றார். பிறகு ஷிஜாவிடம் திரும்பி, மலையாளத்தில் விவரமாகச் சொன்னார். கொண்டுவந்தபோது பிரஷர் நூற்று எண்பதும் நூற்றுப் பன்னிரண்டும் இருந்ததாம். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கச் சட்டையைத் தூக்கியபோதுதான் பெல்ட்டைப் பார்த்தாராம். கழற்றி, இருபது நிமிடம் படுக்கவைத்து மறுபடி பார்த்தபோது நூற்று ஐம்பத்திரண்டு.

"இந்தக் குறைச்சல் முழுக்க பெல்ட்டால் என்று சொல்லமாட்டேன். படுத்ததாலும் குறையும். பிரஷர் இவருக்கு எப்போதோ ஏறத் தொடங்கியிருக்கும். ஆனால் வயிற்றை இப்படி இறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் கனம் தூக்கினால் அது இன்னும் மேலே போகும். இதயமும் வேகமாக அடிக்க வேண்டி வரும். பெல்ட் இருக்கிறது என்ற தைரியத்தில் தூக்கக்கூடாததையும் தூக்குவார்கள். எவ்வளவு நேரம் கட்டுகிறார்?"

"காலத்தேருந்து அந்தி வரைக்கும்" என்றான் ஜினு.

"எத்தனை நாளாக?"

"ஆறு வருசம்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "வீட்டில் பிரஷர் பார்ப்பதுண்டா?"

"எல்லா ஞாயிறும் பாப்பேன்" என்றாள் ஷிஜா. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "நூத்தி முப்பதுக்கு மேல வந்ததில்ல."

"ஞாயிறு வேலை உண்டா? பெல்ட் உண்டா?"

"ரெண்டும் இல்லை."

"அப்படியென்றால் ஆறு நாள் ஏறிக் கிடப்பதை விட்டுவிட்டு, இறங்குகிற ஒரு நாளைத் தேடிப் பிடித்து அளந்திருக்கிறீர்கள்." டாக்டர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அது இன்னும் ஆழமாக இறங்கியது. "யார் இதை நாள் முழுக்கக் கட்டச் சொன்னது?"

ஷிஜா போட்டிருந்த பச்சைக் கோட்டின் மார்பில் கடையின் பெயர் எழுதியிருந்தது. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"இவன்தான் டாக்டர்" என்றான் ஜினு, பரமசிவனைக் கை காட்டி. "கூட வேலை பாக்குதவன். கழட்டினா நடு ஒடிஞ்சு போவும்னு இவன்தான் சொன்னான்."

பரமசிவன் திகைத்துப்போய் ஜினுவைப் பார்த்தான். பிறகு ஷிஜாவைப் பார்த்தான். அவள் கோட்டைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"தெரியாததை எல்லாம் ஏன் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?" என்று டாக்டர் பரமசிவனைக் கண்டித்தார். "சொல்லுகிற உங்களுக்கு ஒன்றும் இல்லை. அனுபவிப்பது இவர் அல்லவா?"

"தப்புதான் டாக்டர்" என்றான் பரமசிவன், தலை குனிந்து. "இனி யாருக்கும் சொல்லமாட்டேன்."

மாத்திரை எழுதித் தந்து, ஒரு வாரம் வேலைக்குப் போகக்கூடாது என்றார். காலையும் மாலையும் பிரஷர் பார்த்துக் குறித்துக்கொண்டு வரவேண்டும். அதற்குப் பிறகு சுமட்டு வேலை சரிப்படுமா என்று யோசிக்கலாம்.

வெளியே ஆட்டோவுக்காக நிற்கும்போது பரமசிவன், "எனக்க இடுப்புல வேட்டியத் தவிர ஒண்ணும் கெட்டினதில்ல. என்னப் பிடிச்சு வைத்தியனாக்கி ஏச்சும் வாங்கித் தந்துட்டானே பாவி" என்று சிரித்தான். ஷிஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் அவள் பக்கம் குனிந்து, "விடு மக்கா. எனக்கென்ன, வாங்கினது வாங்கினதுதான்" என்று மெல்லச் சொன்னான். கட்டச் சொன்னது யார் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆட்டோவில் ஜினு அவள் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் பெல்ட் சுருண்டு கிடந்தது. அதை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கட்டிலிலிருந்து இறங்கியதும் அவன் முதலில் தேடியது அதைத்தான். அவள் தந்ததல்லவா.

* * *

வெள்ளியும் சனியும் ஷிஜா கடைக்குப் போகவில்லை. ஜினு வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல் சுற்றி வந்தான். மரச்சீனிக் கிழங்கைத் தோல் உரித்தான். சோனாவின் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டான். பள்ளிக்கூட வேன் வீட்டைத் தாண்டிப் போகும்போது மதில் பக்கம் போய் நின்றான். அது வளைவு திரும்பும்வரை நின்றான். ஷிஜா அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எத்தனை வருடமாக அப்படி நின்றானோ? அவன் வேலைக்குப் போகிற நாட்களில் அமரவிளையிலும் வேன்கள் போகுமல்லவா?

காலையும் மாலையும் பிரஷர் பார்த்தாள். நூற்று ஐம்பது. நூற்று நாற்பத்தாறு. அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. ஏசியிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் துவைக்கப் பெல்ட்டை எடுத்தாள். நனைக்கக் கை வரவில்லை. அப்படியே கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். கைப்பையில், வியாழக்கிழமை ரப்பர்காரருக்குக் காட்ட எடுத்து, ஓடும்போது அவசரத்தில் உள்ளே போட்டுக்கொண்ட அந்தத் தாள் இருந்தது.

ஞாயிறு காலை சோனா தனியாகச் சர்ச்சுக்குப் போனாள். படியில் நின்று, "அப்பாவ அடுக்களைக்கு விடாதீங்க அம்மா, நேத்து ரசத்துல சீனி போட்டாரு" என்று சொல்லிவிட்டு ஓடினாள். வீடு அமைதியானது. ஜினு கட்டன் சாயாவைக் குடித்து முடித்து, பழக்கப்படி கையை மேசைமேல் நீட்டினான்.

"பாரு. இன்னைக்கு ஞாயிறு. நார்மலா இருக்கும்."

ஷிஜா மெஷினை எடுத்தாள். அவன் கையில் கட்டவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தன் கையில் கட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு.

"உனக்கு என்ன?" என்றான்.

பெல்ட்டை எடுத்துச் சேலைக்கு மேலே சுற்றினாள். வயிற்றை உள்ளே இழுத்து, அவன் இறுக்குகிற அளவுக்கு இறுக்கி ஒட்டினாள். விலாவுக்குள் யாரோ கையை விட்டு அழுத்துவதுபோல் இருந்தது.

"எடீ, சுமடு எடுக்கப் போறியா? அட்டை வேணும் அதுக்கு."

"பேசாம இருங்க."

அடுக்களை மூலையில் இருந்த அரிசிச் சாக்கைத் தூக்கினாள். முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்தாள். திரும்பத் தூக்கி அடுக்களைக்கு. மறுபடி முன்னறைக்கு. நாலாவது தடவை காதுக்குள் இரைச்சல் கேட்டது. கேஸ் என்று அவள் சொன்ன அதே இரைச்சலாக இருக்கும். ஜினு எழுந்து வந்து சாக்கைப் பிடுங்கப் பார்த்தான். "நீங்க தொடப்பிடாது!" என்று கத்தினாள். அவன் பயந்து கையை எடுத்துக்கொண்டான்.

சாக்கைப் போட்டுவிட்டு நாற்காலியில் விழுந்து, மறுபடி மெஷினைக் கட்டினாள். எண் ஏறிக்கொண்டே போயிற்று. நூற்று ஐம்பத்தாறு, தொண்ணூற்று நான்கு.

"பாருங்க" என்றாள், மூச்சுக்கிடையில். "நாலு தடவை. ஒரு சாக்கு அரிசி. நீங்க ஆறு வருசம்."

"செரி, பாத்தாச்சு. முதல்ல அத கழட்டு."

"கழட்டமாட்டேன். இத கேளுங்க." கைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தாள். இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். தொடர்ந்து அணியக்கூடாது என்று இருந்த இடத்தில் குரல் உடைந்தது. "இது இப்ப அறிஞ்சதில்ல சேட்டா. நாலு வருசமா எனக்குத் தெரியும். கடைக்கு வாற எல்லாருக்கும் சொல்லுவேன். வியாழாழ்ச்ச ஒருத்தரு இத கேட்டு பெல்ட்டே வேண்டாம்னு போனாரு. அவருக்கு பேரு என்னன்னுகூட எனக்குத் தெரியாது. அவருக்கு சொன்னேன். உங்களுக்கு சொல்லல."

ஜினு தாளை வாங்கினான். வாசிக்கவில்லை. மடித்த தடத்தில் திரும்ப மடித்தான்.

"பாவம், பரமசிவன் ஏச்சு வாங்கினான்" என்றான்.

"தமாஷ் பேசாதீங்க!"

"பின்ன நான் என்ன பேச?"

"ஏசுங்க. ஒரு வார்த்தையாவது ஏசுங்க. நாலு வருசம் நான் உங்களுக்க வயித்துல எண்ணெய் தேச்சிட்டு அறிஞ்சிட்டே பேசாம இருந்தேன்."

அவன் குனிந்து அவள் இடுப்பிலிருந்த பெல்ட்டின் நுனியைப் பிடித்தான். பர்ரென்று பிரிந்தது. உள்ளே போன காற்று அழுகையாக வெளியே வந்தது. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கட்டும் என்று இருந்தான்.

"இன்னும் ஒண்ணு உண்டு" என்றாள், கண்ணைத் துடைத்து. "அன்னைக்கு இத கெட்டினப்போ நீங்க ஒரு காரியம் கேக்கணும்னு சொன்னிய. ஓர்மை உண்டா?"

"உண்டு."

"அது என்னதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஸ்ரீகுமாரி அக்கா காலத்த பஸ்ஸில சொல்லிச்சு. நீங்க கேட்டா நான் செரின்னு சொல்லணுமே, சொன்னா அப்பாகிட்ட போய் நிக்கணுமேன்னு பேடிச்சு, நீங்க கேக்காம இருக்கத்தான் இத வாங்கிட்டு வந்தேன். உங்க நடுவுக்கு இல்ல."

ஜினு வெளியே கொடியைப் பார்த்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை அதில் பெல்ட் இல்லை. நீலச் சட்டை மட்டும் கிடந்தது.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"உனக்குத் தெரியும்னு தெரியும். அன்னைக்கு மத்தியானமே பரமசிவன் வந்து, எனக்க பெண்டாட்டி பஸ்ஸில வச்சு ஒளறிட்டா, நீ சொல்லும் முன்னால ஷிஜா அறிஞ்சிட்டான்னு சொன்னான். அதான், என்ன சொல்லப்போறியோன்னு வெளியில பாத்துட்டு நின்னேன். நீ வந்தே. கையில பெல்ட் இருந்துச்சு." அவன் கையிலிருந்த பெல்ட்டை மேசைமேல் வைத்தான். "செரி, இதுதான் பதில்னு நெனச்சேன். பதில் கிடைச்ச பெறவு கேள்வி என்னத்துக்கு?"

ஷிஜாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆறு வருடமும் தான் மறைத்ததாக நினைத்திருந்தாள். அவன் எல்லாம் தெரிந்துகொண்டே ஒவ்வொரு காலையும் வயிற்றை உள்ளே இழுத்திருக்கிறான். டாக்டர் கேட்டபோதும் அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"அது பதில் இல்ல" என்றாள். "நீங்க கேக்கவே இல்லியே. கேக்காம பதில் எப்படி வரும்? இப்ப கேளுங்க."

"எல்லாம் அறிஞ்சாச்சு. இனி என்னத்துக்கு கேக்கணும்? டாக்டரு சொன்னா தானே நிக்கப்போவுது."

"டாக்டர் சொல்லி வேண்டாம். நீங்க கேக்கணும். அன்னைக்கு நான் கைய பொக்கச் சொல்லி நிறுத்தினேன் இல்லியா? அங்கேருந்து கேளுங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். "கையக் கீழ தாத்தலாமா?"

"தாத்துங்க."

ஜினு இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தான். பிரஷர் பார்க்க நீட்டுவதுபோல் உள்ளங்கைகள் மேல்நோக்கி இருந்தன. பெட்டி பிடித்துப் பிடித்துத் தோல் தடித்த கைகள். தொண்டையைச் செருமினான். அவளைப் பார்க்காமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு, முதன்முதலில் கவுன்டரில் பன் வைத்த நாளைவிடவும் கூச்சத்தோடு கேட்டான்.

"ஷிஜா, என்னால முடியல. நான் சுமடு நிறுத்திக்கிடட்டா?"